தரம் போடாத தோலும் மூடாத கட்டும்: பேர்ணாம்பட்டு ஆலை நிரல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்களில் பேர்ணாம்பட்டும் ஒன்று. இன்றைய வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள ஓர் ஆலையில் சரக்கு ஏற்புக்காக எழுதப்பட்ட நிரல், சில லாட்டுகளை (சரக்குத் தொகுதிகளை) உள்ளிட்டதும் முடிவே இல்லாமல் ஓடத் தொடங்கியது. அது ஏன் ஓடியது, இனி ஓடாது என்று எந்த ஆதாரத்தில் சொல்கிறோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நிரல் சரிபார்ப்பைக் கற்பிப்பவன் என்பதால் என்னை அழைத்திருந்தார்கள். இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதிகளை எழுதிவைத்து விடையைக் கணினியையே தேடவிடும் தருக்க நிரலுக்குள் வரும் தரவில் நிரப்பப்படாத இடம் இருப்பது தவறே இல்லை. எந்த இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நிரல் முடிவதும் முடியாமல் சுழல்வதும் அமைகிறது. அந்த இடத்தைச் சுட்டிக்காட்டும் வல்லமை, தரவின் எந்தப் பகுதி எந்த வகை என்று சொல்லும் வகைத் தகவலுக்கு உண்டு.

ஆலையின் நடைமுறை

லாரியில் வந்து இறங்குவது வெட் புளூ சரக்கு. குரோமியம் உப்பில் பதனிட்டதால் நீலம் பாய்ந்த ஈரத்தோல். அது கட்டுக்கட்டாக வரும். பல கட்டுகள் சேர்ந்தது ஒரு லாட். இறக்கும்போதே ஒவ்வொரு தோலுக்கும் எண் போட்டுவிடுவார்கள். தரம் போடுவது வெகு பின்னால்: தோலைச் சீவி, மறுபதனிட்டு, சாயமேற்றி, எண்ணெய் ஊட்டி, உலர்த்தி, கிரஸ்ட் ஆன பிறகுதான் அனுபவசாலி ஒருவர் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பார். ஆகவே நிரலுக்குள் நுழையும் நேரத்தில் தரம் என்ற இடம் காலியாக இருப்பதே இயல்பு.

நிரலைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள் புரோலாக் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்தத் தோலை எந்த ஷூ ஆர்டருக்கு ஒதுக்குவது என்பது விதிகளால் ஆன வேலை. அதற்குப் புரோலாக் நல்ல தேர்வு. 1972 வாக்கில் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மெரோவரின் குழு உருவாக்கிய மொழி அது. அதில் நிரப்பப்படாத இடத்தை மாறியாக அப்படியே விட்டுவிடலாம், பிறகு நிரப்பிக்கொள்ளலாம். தரம் பின்னால் வரும் தொழிலுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

சிக்கல் இப்படித் தெரிந்தது. சில லாட்டுகளை ஏற்றினால் விடை நொடியில் வரும். வேறு சில லாட்டுகளை ஏற்றினால் திரை அப்படியே நிற்கும். கணினியை அணைத்துப் போட்டால்தான் உண்டு. “சார், தரம் போட்ட சரக்கு என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. தரம் போடாததை ஏற்றினால்தான் நிற்கிறது” என்று மேஸ்திரி சொன்னார். அவர் கவனித்தது உண்மை. அதை வைத்து அலுவலகம் போட்ட உத்தரவு, தரம் போடாமல் எதையும் கணினியில் ஏற்றக்கூடாது என்பது. விளைவாக, இறங்கிய சரக்கு கிரஸ்ட் ஆகும்வரை கணக்கில் ஏறாமலேயே கிடங்கில் கிடந்தது. எந்த வேலைக்காக நிரல் எழுதப்பட்டதோ அந்த வேலையே நின்றுவிட்டது.

நிரலின் இதயம்

சிக்கல் இருந்த பகுதி சில வரிகள்தான். லாட் என்பது கட்டுகளின் பட்டியல், கட்டு என்பது தோல்களின் பட்டியல். இந்த இரண்டடுக்குப் பட்டியலை ஒரே வரிசையாக்க வேண்டும். புரோலாக்கில் மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும்; தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது என்பதால் மாறிகளை அடிக்கோட்டில் தொடங்குகிறேன். [] என்பது காலிப் பட்டியல்; செங்குத்துக் கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது பட்டியலின் முன்பகுதி, வலப்பக்கம் இருப்பது மீதிப் பட்டியல், அதாவது வால்.

வரிசையாக்கு([], []).
வரிசையாக்கு([[]|_மீதி], _விடை) :-
    வரிசையாக்கு(_மீதி, _விடை).
வரிசையாக்கு([[_தோல்|_கட்டு]|_மீதி], [_தோல்|_விடை]) :-
    வரிசையாக்கு([_கட்டு|_மீதி], _விடை).

முதல் விதி: லாட் காலியானால் வரிசையும் காலி. இரண்டாம் விதி: முன்னால் நிற்கும் கட்டு காலியானால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மூன்றாம் விதி: முன்னால் நிற்கும் கட்டிலிருந்து ஒரு தோலை எடுத்து வரிசையில் வை, மீதமுள்ள கட்டோடு தொடர்.

இதை அழைத்த பகுதி:

சரக்கு_ஏற்பு(_லாட், _சீட்டு, _வரிசை) :-
    முழுப்பட்டியல்(_லாட்),
    வரிசையாக்கு(_லாட், _வரிசை),
    நீளம்(_வரிசை, _சீட்டு).

லாரிச் சீட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கையும் வரிசையின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் விதி தோற்கும்; ‘எண்ணிக்கை தவறு’ என்று திரையில் வரும். முழுப்பட்டியல் என்று நான் இங்கே எழுதியிருப்பது, ஒரு பட்டியல் கடைசிவரை மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் உள்ளமைந்த சோதனை. மாணவர்கள் அதைப் போட்டிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனமில்லாமல் எழுதிய நிரல் அல்ல இது.

முடிவு என்பதற்கு இரண்டு பொருள்

புரோலாக் ஒரு விடையைக் கண்டதும் நின்றுவிட்டால் போதுமா, அல்லது எல்லா விடைகளையும் தேடி முடித்து ‘இனி இல்லை’ என்று சொல்ல வேண்டுமா? இரண்டும் வேறு. பின்னால் வரும் சோதனை தோற்றால் புரோலாக் பின்வாங்கி, முந்தைய அழைப்பிடம் வேறு விடை கேட்கும். அப்போது முந்தைய அழைப்பு கையிருப்பில் உள்ள விடைகளைக் கொடுத்து முடித்துக் கையை விரிக்க வேண்டும். விரிக்காமல் புதிது புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருந்தால், முழு நிரலும் அதோடு சேர்ந்து சுழலும். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது, முழுமையான முடிவு. முதல் விடை சரியாக வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு நிரல் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் பொதுவழி கிடையாது என்பதை ஆலன் டூரிங் 1936-இலேயே நிறுவிவிட்டார். அதனால் முடிவுறுதலை நிரூபிக்க முயலும் முறைகள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லும்: ‘நிச்சயம் முடியும்’ அல்லது ‘என்னால் சொல்ல முடியவில்லை’. இரண்டாவது பதில் எத்தனை குறைவாக வருகிறதோ அத்தனை நல்ல முறை. வகைத் தகவல் உதவுவது இங்கேதான்.

அளப்பது எதை?

ஒரு தன்னழைப்பு முடியும் என்று நிரூபிக்கும் அடிப்படை எளியது. அழைப்புக்கு ஓர் அளவைச் சூட்ட வேண்டும். அது சுழியத்துக்குக் கீழே போகாத முழு எண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தன்னையே அழைக்கும்போதும் அது குறைய வேண்டும். 1989-இல் மார்க் பெசம் தருக்க நிரல்களுக்கு இதை ஒழுங்கான கோட்பாடாக வைத்தார். புரோலாக் இலக்குகளை (விதிக்குள் வரும் அழைப்புகளை) இடமிருந்து வலமாக எடுக்கும் முறைக்கு ஏற்றபடி கிரிஸ்தோஃப் அப்ட், டினோ பெட்ரெஸ்கி ஆகியோர் அதை விரிவாக்கினார்கள்.

கோட்பாடு தெளிவு. எந்த அளவை எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம். வழக்கமாகக் கைக்கு வரும் இரண்டு அளவுகளை நம் விதிகளின் மேல் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பட்டியலின் நீளம். லாட்டின் நீளம் என்றால் கட்டுகளின் எண்ணிக்கை. இரண்டாம் விதியில் ஒரு கட்டு கழிகிறது, அளவு குறைகிறது. மூன்றாம் விதியில் ஒரு தோல் கழிகிறது, கட்டுகளின் எண்ணிக்கை மாறவில்லை. அளவு குறையாததால் நிரூபணம் அங்கேயே நின்றுவிடுகிறது.

இரண்டாவது, தரவின் மொத்தப் பருமன்: உள்ளே இருக்கும் எல்லாக் கட்டமைப்புகளையும் கூட்டிக்கொள்வது. மூன்றாம் விதியில் இது குறைகிறது. ஆனால் தோல்(101, _தரம்) என்பதில் தரம் இன்னும் மாறி. மாறியின் பருமன் என்ன? ஒன்றா, நூறா? அதில் பிறகு எது வந்து உட்காரும் என்று இந்த அளவுக்குத் தெரியாது. தொடக்கத்தில் அளவு இவ்வளவு என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாதபோது, அது குறைகிறது என்பதில் பயனில்லை. உச்சவரம்பே இல்லாத இடத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கலாம். ஆகவே இந்த அளவோடு வேலை செய்யும் ஆய்வி (நிரல் முடியுமா என்று ஆராயும் கருவி), தரம் போடாத லாட்டைக் கண்டதும் ‘சொல்ல முடியவில்லை’ என்று ஒதுங்கும். மேஸ்திரியின் ஊகமும் ஆய்வியின் தயக்கமும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் வெற்றுத் தரத்தின் மேல்தான் சந்தேகம்.

இப்போது வகைகளைக் கொண்டுவருவோம். லாட் என்ற வகைக்குள் என்னென்ன வகைகள் அடங்கியிருக்கின்றன? கட்டுகளின் பட்டியல் என்பது ஒன்று; தோல்களின் பட்டியல் என்பது அடுத்தது; தோல் என்பது மூன்றாவது; தோலுக்குள் எண், தரம். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அளவு வைத்துக்கொள்ளலாம். வெளி அளவு, கட்டுப் பட்டியலின் கண்ணிகளை (உறுப்புக்கு ஒன்றாக உள்ள இணைப்புகளை) மட்டும் எண்ணும். உள் அளவு, எல்லாக் கட்டுகளிலும் உள்ள தோல் பட்டியலின் கண்ணிகளை மட்டும் எண்ணும். தோலின் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டுமே எட்டிப் பார்ப்பதில்லை. தரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இந்த அளவுகள் அசையாது.

மூன்று கட்டுகள் உள்ள சிறிய லாட்டை எடுத்துக்கொள்வோம்: முதல் கட்டில் 101, 102 என்று இரண்டு தோல், இரண்டாவது காலி, மூன்றாவதில் 103 மட்டும். வெளி அளவு 3, உள் அளவு 3, கூட்டினால் 6. முதல் அடியில் 101 வெளியே வருகிறது: 5. அடுத்து 102: 4. முதல் கட்டு காலியாகிக் கழிகிறது: 3. ஏற்கெனவே காலியாக இருந்த இரண்டாம் கட்டு கழிகிறது: 2. 103 வெளியே வருகிறது: 1. கடைசிக் கட்டு கழிகிறது: 0. ஆறு தன்னழைப்பு, அதற்குமேல் ஒன்றுகூட இல்லை. எந்த லாட்டை எடுத்தாலும் இதுதான் கணக்கு: கட்டுகளும் தோல்களும் சேர்ந்து எத்தனையோ அத்தனை அடி. மூன்று தோலின் தரமும் காலியாகவே இருக்கலாம், நிரல் முடியும்.

எனவே தரம் போடாத தோல் குற்றவாளி இல்லை. இது நிரூபணம் கொடுத்த முதல் பலன். ஆனால் நிரல் உண்மையிலேயே சுழன்றதே?

உண்மையான காரணம்

நிரூபணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெளி அளவும் உள் அளவும் தொடக்கத்திலேயே அறுதியாக இருக்க வேண்டும். அதாவது கட்டுப் பட்டியலும் மூடியிருக்க வேண்டும், ஒவ்வொரு கட்டும் தனித்தனியே மூடியிருக்க வேண்டும். மாணவர்கள் போட்ட சோதனை வெளிப் பட்டியலை மட்டும் பார்க்கிறது. உள்ளே இருக்கும் கட்டுகளை அது திறந்து பார்ப்பதில்லை.

சரக்கு இறங்கும்போது கட்டு எப்படிப் பதிவாகிறது என்று பார்த்தோம். தோல் ஒவ்வொன்றாக வருவதால், பட்டியலின் வாலை மாறியாகத் திறந்துவைத்து, வர வர அதில் சேர்க்கும் உத்தியைக் கையாண்டிருந்தார்கள். புரோலாக் எழுதுபவர்கள் அடிக்கடி செய்வது, வேகமான வழியும்கூட. மேஸ்திரி ‘கட்டு முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினால் வால் மூடப்படும். அழுத்த மறந்தால், நம் சிறிய லாட்டின் முதல் கட்டு இப்படி இருக்கும்:

[தோல்(101, _), தோல்(102, _)|_பின்]

இந்தக் கட்டோடு வரிசையாக்கு அழைக்கப்பட்டால் என்ன நடக்கிறது? 101, 102 வெளியே வந்தபின் முன்னால் நிற்பது _பின் என்ற மாறி. அது காலிப் பட்டியலாகவும் இருக்கலாம் என்பதால் இரண்டாம் விதி பொருந்துகிறது. 101, 102, 103 என்று சரியான விடை வருகிறது. சீட்டில் 3 என்று இருந்தால் வேலை முடிந்தது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. சீட்டில் 2 என்று இருந்தால் நீளச் சோதனை தோற்கிறது, புரோலாக் பின்வாங்குகிறது. இம்முறை மூன்றாம் விதி பொருந்துகிறது: _பின் என்பதில் இன்னும் ஒரு தோல் இருப்பதாக வைத்துக்கொண்டு நான்கு தோல் கொண்ட வரிசை. அதுவும் 2 இல்லை. பிறகு ஐந்து, ஆறு, ஏழு. இரண்டுக்கு வர வாய்ப்பே இல்லை, வளர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் வரிசை நீள்வதால் செலவாகும் நேரம் நீளத்தின் வர்க்கமாகப் பெருகும். நினைவகம் தீர்ந்து பிழைச்செய்தி வருவதற்குள் ஒரு ஷிப்டே முடிந்துவிடும்.

தரம் போட்ட சரக்கில் இது ஏன் வரவில்லை? தரம் போட்ட தோல் கிரஸ்ட் கிடங்கிலிருந்து வருவது; அதன் கட்டுகள் வெகு நாளைக்கு முன்பே மூடப்பட்டவை. தரம் போடாத தோல் லாரியிலிருந்து அப்போதுதான் இறங்கியது. அதன் கட்டுகளில் ஒன்றிரண்டு திறந்து கிடக்க வாய்ப்பு அதிகம். மேஸ்திரி பார்த்த தொடர்பு உண்மையானது, காரணம் வேறு.

என்னை இன்னும் கலக்கியது அடுத்தது. சீட்டில் 4 என்று இருந்தால்? மூன்று தோல்தான் வந்திருக்கிறது, ஆலைக்கு ஒரு தோல் குறைவு. நிரல் அதைப் பிடித்துக் காட்ட வேண்டும். திறந்த கட்டு இருக்கும்போது நிரல் 102-க்கும் 103-க்கும் நடுவில் இல்லாத ஒரு தோலைத் தானே வைத்து, நான்கு என்று கணக்கை நேர்செய்து, ‘சரி’ என்று சொல்லிவிடும். பழைய அச்சுத்தாள்களை எடுத்துப் பார்த்தபோது அந்தத் தடயம் கிடைத்தது. தோல் எண் இருக்க வேண்டிய இடத்தில் அடிக்கோடும் அதைத் தொட்டு ஓர் எண்ணும்: _4821 போல. நிரப்பப்படாத மாறியைப் புரோலாக் அச்சிடும் விதம் அது. கிடங்கில் இருந்தவர்கள் அதை ஏதோ கணினி எண் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு தோலைத் தேடியும் இருக்கிறார்கள். திரை நின்றுபோனதைப் பற்றிப் புகார் வந்தது. இதைப் பற்றி வரவில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: வரிசையாக்கு தரும் விடைகளுக்கு முடிவே இல்லை.

தள்ளிவைத்த மருந்துகள்

நேரவரம்பு வைத்து, சில நொடிகளில் முடியாவிட்டால் அழைப்பை வெட்டிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது நின்றுபோகும் திரையைச் சரிசெய்யும். இல்லாத தோலைச் சேர்க்கும் தவறு ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் அதை எந்த நேரவரம்பும் தொடாது.

முதல் விடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம் என்பது அடுத்த யோசனை. புரோலாக்கில் அதற்கு ஒரு சொல் போதும். இரண்டு அறிகுறியும் மறையும். ஆனால் முதல் விடை எடுக்கும்போதே _பின் காலிப் பட்டியலாகக் கட்டப்பட்டுவிடுகிறது. இறங்கிக்கொண்டிருக்கும் கட்டு நடுவிலேயே மூடப்படும். அதன்பின் இறங்கும் தோல் அதில் ஏறாது. அறிகுறியை அடக்கி நோயை இடம் மாற்றும் வைத்தியம் அது. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன்.

நாங்கள் செய்தது, நிரூபணம் கேட்ட நிபந்தனையை அப்படியே வாசலில் காவலாக வைத்தது:

மூடிய_லாட்(_லாட்) :-
    முழுப்பட்டியல்(_லாட்),
    ஒவ்வொன்றும்(முழுப்பட்டியல், _லாட்).

இரண்டு இலக்குகளின் வரிசையும் முக்கியம். வெளிப் பட்டியலைச் சோதிக்காமல் உள்ளே போனால், ஒவ்வொன்றும் என்ற விதியே வெளிப் பட்டியலின் திறந்த வாலைக் காலிப் பட்டியலாக அடைத்துவிடும். இறங்காத கட்டுகள் இல்லாத கட்டுகள் ஆகிவிடும். காவல் தோற்றால் நிரல் ‘இந்த எண்ணுள்ள கட்டு இன்னும் மூடப்படவில்லை’ என்று சொல்லி நிற்கும். தரத்துக்கு எந்தக் காவலும் இல்லை, தேவையும் இல்லை. தரம் போடாத சரக்கை ஏற்றக்கூடாது என்ற உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

காவலை எத்தனை அடுக்கு ஆழத்துக்கு வைப்பது என்பதை அனுபவத்தை வைத்து ஊகிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த அம்சம். வகை சொன்னது: முதல் அடுக்கு மூடியிருக்க வேண்டும், இரண்டாம் அடுக்கு மூடியிருக்க வேண்டும், மூன்றாவது எப்படி இருந்தாலும் சரி.

ஒரே கூட்டல் போதாத இடம்

அதே நிரலில் மறுசாயப் பகுதி என்று ஒன்று உண்டு. சாயம் சரியாகப் பிடிக்காத லாட்டைத் திருப்பி அனுப்பும்போது, ஒவ்வொரு தோலையும் பதிவுசெய்து, அதன் பெயரில் ஒரு காலிக் கட்டைச் சேர்த்துவைக்கும். காலிக் கட்டு முன்னால் வரும்போது ஓர் அட்டை அச்சாகும்.

மறுசாயம்([]).
மறுசாயம்([[]|_மீதி]) :-
    அட்டை_அச்சிடு,
    மறுசாயம்(_மீதி).
மறுசாயம்([[_தோல்|_கட்டு]|_மீதி]) :-
    பதிவுசெய்(_தோல்),
    மறுசாயம்([_கட்டு, []|_மீதி]).

இங்கே மூன்றாம் விதியில் ஒரு தோல் கழிகிறது, ஒரு கட்டு கூடுகிறது. வெளி அளவையும் உள் அளவையும் வெறுமனே கூட்டினால் முன்னும் பின்னும் ஒரே எண், நிரூபணம் நின்றுவிடும். ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறோம் அல்லவா? முதலில் உள் அளவைப் பார். அது குறைந்தால் போதும், வெளி அளவு கூடினாலும் கவலையில்லை. உள் அளவு மாறாவிட்டால் வெளி அளவு குறைய வேண்டும். அகராதியில் சொற்களை ஒப்பிடும் ஒழுங்கு இது. மூன்றாம் விதியில் உள் அளவு குறைகிறது, இரண்டாம் விதியில் உள் அளவு மாறாமல் வெளி அளவு குறைகிறது. நிரல் முடியும். உள் அளவுக்கு இரட்டை மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் ஒரே எண்ணாலும் சொல்லலாம்: நம் சிறிய லாட்டுக்கு இரண்டு மடங்கு 3, அதோடு 3, ஆக 9. எண்ணிப் பார்த்தால் தன்னழைப்புகளும் சரியாக ஒன்பது.

பல அளவுகளை வகைகளிலிருந்து பெற்று இப்படி ஒன்றிணைப்பதைத் தானியங்கி ஆய்விகளுக்கு ஏற்ற முறையாக ஆக்கியவர்களில் மாரிஸ் ப்ரூய்நோகே, மைக்கேல் கோடிஷ், ஜான் கலகர், சமீர் ஜெனாயிம், விம் வான்ஹூஃப் ஆகியோர் முக்கியமானவர்கள். அவர்களுடைய கூட்டு ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஒவ்வொரு உள்வகைக்கும் ‘இந்த வகைப் பகுதிகள் எல்லாம் நிரப்பப்பட்டுவிட்டனவா’ என்ற ஆம், இல்லைக் கேள்வியைத் தனியாக வைத்து நிரல் முழுவதும் தொடர்ந்து செல்வது அந்த வழியின் உயிர்நாடி. எங்கள் நிரல் சிறியது, தாளிலேயே செய்து முடித்தோம். கேட்ட கேள்விகள் அவைதான்.

பரப்பளவுப்படி தோல்களை வரிசைப்படுத்தும் பகுதியில் சிரமம் அதிகமில்லை. ஒரு தோலை நடுவாக வைத்து மற்றவற்றைச் சிறியவை, பெரியவை என்று பிரித்து, இரண்டையும் தனித்தனியாக வரிசைப்படுத்தும் வழக்கமான முறை. பிரிக்கும் விதியின் மேல், சிறியவற்றின் நீளமும் பெரியவற்றின் நீளமும் சேர்ந்தால் பிரிக்கக் கொடுத்த பட்டியலின் நீளம் என்ற உறவை முதலில் நிறுவ வேண்டும்; அதன்பின் இரண்டு பகுதியும் தொடங்கிய பட்டியலைவிடச் சிறியவை என்பது தானாக வரும். பிரிக்கும் இலக்கு முன்னால் வர வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும். பின்னால் போட்டால், இன்னும் பிறக்காத பட்டியலை வரிசைப்படுத்தப் போய் நிரல் சுழலும். பரப்பளவு காலியாக இருந்தால் ஒப்பீட்டில் பிழைச்செய்தி வரும். அது முடிவுறுதலுக்கு வெளியே உள்ள விஷயம். இந்த நிரூபணம் அதைத் தடுப்பதாகச் சொல்லவில்லை.

வகை அறிவிப்பு எங்கிருந்து?

புரோலாக்கில் வகை அறிவிப்பு கிடையாது. 1984-இலேயே ஆலன் மைக்ராஃப்ட், ரிச்சர்ட் ஓகீஃப் இருவரும் அதற்கு ஒரு வகை அமைப்பை முன்வைத்தார்கள். ஆனாலும் மொழி வகையற்றதாகவே தொடர்கிறது. மெல்போர்னில் உருவான மெர்க்குரி மொழியில் வகைகளையும், எந்தத் தரவு உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதையும் முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். இந்த நிரல் மெர்க்குரியில் எழுதப்பட்டிருந்தால் திறந்த வாலோடு கட்டு பயணிப்பதை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே அனுமதித்திருக்காது. தரம் காலியாக இருப்பதையும் அது அப்படியே விட்டிருக்காது. ‘தரம் உண்டு’ அல்லது ‘இன்னும் இல்லை’ என்று வெளிப்படையாக எழுதச் சொல்லியிருக்கும். பெரிய நிரலாக இருந்தால் நான் அந்த வழியையே சொல்லியிருப்பேன். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கலைக்காமல், வகைகளைக் குறிப்புகளாக மட்டும் எழுதிச் சேர்த்தோம். அந்தக் குறிப்புகளைப் புரோலாக் படிப்பதில்லை என்பதால்தான் வாசல் காவல் இத்தனை முக்கியமாகிறது. வகைக்கு ஒவ்வாத தரவு உள்ளே வந்தால் நிரூபணம் அதற்குப் பொறுப்பேற்காது.

இன்னும் நிற்கும் பகுதி

ஒதுக்கீட்டு விதிகளில் ஒன்று நிரூபணத்துக்கு அடங்கவில்லை. இரண்டு ஆர்டர்களுக்கு ஒதுக்கிய தோல்களில் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டால் இரண்டுக்கும் தரம் நன்றாகப் பொருந்துமா என்று பார்த்து மாற்றும் விதி அது. மாற்றுவதால் வெளி அளவும் மாறாது, உள் அளவும் மாறாது. முன்னேற்றம் முழுவதும் தரப் பொருத்தம் என்ற எண்ணில் இருக்கிறது. வகை என்ற கண்ணுக்கு அது வெறும் எண். எண்ணுக்குக் கண்ணிகள் இல்லை, எண்ணிக் குறைக்க ஏதுமில்லை. இரண்டு தோல்கள் முன்னும் பின்னுமாக மாறிக்கொண்டே இருக்கும் ஆபத்து இங்கே உண்மையிலேயே இருக்கிறது.

மாற்றத் தகுதியுள்ள தோல்களின் பட்டியலைக் கூடுதல் உள்ளீடாகக் கொடுத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதிலிருந்து மாறிய இரண்டு தோல்களையும் நீக்கிவிடும்படி விதியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு தோல் ஒரே முறைதான் மாறலாம் என்ற கட்டுப்பாட்டால் சில நல்ல பொருத்தங்கள் கைநழுவலாம். அதை ஏற்றுக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் தரம் பிரிப்பவர். அவர் ஒப்புக்கொண்டால் இந்த விதியின் அளவும் ஒரு பட்டியலின் நீளமாகிவிடும். மற்ற விதிகளைப் போலவே இதையும் நிரூபிக்கலாம். அதுவரை அந்தப் பகுதியை மட்டும் நேரவரம்போடு ஓட்டும்படி சொல்லியிருக்கிறேன். அங்கே அது பொருந்தும்: அந்த விதி புதிய தோல் எதையும் உருவாக்குவதில்லை, நடுவில் வெட்டினாலும் கையில் இருப்பது செல்லுபடியாகும் ஓர் ஒதுக்கீடே.